ஏழாம் லைனின் ஓம்

காலை ஏழு இருபதுக்கு
நான் பேசவேண்டும், ஐந்து நிமிடம்.
ஏ ஒன்பது வீதியிலிருந்து உள்ளே திரும்பும்
செம்மண் ஒழுங்கையின் முடிவில், தகரக் கூரைக்குக் கீழே,
முப்பத்தொரு பேர், முப்பத்தொரு வலைத்தொப்பி.

"கொலரின்ர மற்றப் பக்கம் மேலை வரோணும்.
மணிக்கு அறுபத்திரண்டு.
விளங்கிச்சுதோ?"

ஓம் என்றார்கள்.
கோழிக்குத் தவிடு எறிந்ததுபோல
ஒரே நேரத்தில் ஓடிவந்த ஓம்.

மதியத்துக்குள் நூற்றிநாற்பது கொலர் தலைகீழ்.
அன்றைக்கு நான் கத்தினேன்.
மிசின் சத்தத்தை மிஞ்சுவதென்றால்
கத்தத்தான் வேண்டும் என்று
எனக்கு முன்னிருந்தவ சொல்லித்தந்திருந்தா.
பத்தொன்பதாம் மிசினில் நிலோஜினி
மிதியிலிருந்து காலை எடுத்தாள்.
அழவில்லை. ஊசியைப் பார்த்தாள்.
பிறகு மாலைவரை ஏழாம் லைன்
நன்றாகத்தான் ஓடியது,
ஒருவரும் என்னோடு கதைக்காமல்.

கொழும்பிலிருந்து வந்து மூன்று நாள் வகுப்பெடுத்தவர்
ஒரு பச்சைக் கோப்புத் தந்திருந்தார்.
புகழ்ந்துவிட்டுக் குறை சொல், பிறகும் புகழ்.
கண்ணைப் பார். புன்னகை செய்.
போய் வதனரூபியைப் புகழ்ந்தேன்.
"என்னக்கா, என்ன பிழை விட்டனான்?" என்றாள்.

பரந்தன் சந்தி தாண்டி பஸ் இருட்டில் ஓடுகையில்
ஓம்களை யோசித்தேன்.
கேட்கிறது, சொல்லு என்கிற ஓம்.
கேட்டது போதும், நிப்பாட்டு என்கிற ஓம்.
நிவாரண வரிசையில், பதிவுக் கொப்பிக்கு முன்னால்,
எதைக் கேட்டாலும் சொல்லிப் பழகிய ஓம்.
அதை நானும் சொல்லியிருக்கிறேன்,
பத்து வயதில், கம்பி வேலிக்கு உட்புறம் நின்று,
என் பெயரைப் பிழையாக வாசித்தவருக்கு.

விளங்கியது என்கிற ஓம்
இவற்றுக்குள் எங்கே இருக்கிறது?

அடுத்த நாள் விளங்கிச்சுதோ என்பதை விட்டேன்.
"வதனா, முதல் என்ன செய்யப்போறீர், சொல்லும்."
அவள் சொன்னாள்.
நான் சொன்னது அது அல்ல.
மற்றப் பக்கம் என்றால் அவளுக்கு உட்பக்கம்.
பகீரதிக்கு இடப்பக்கம்.
எனக்கோ, நேற்று தைத்ததற்கு மறுபக்கம்.
நேற்று லீவில் நின்ற ஆறு பேருக்கு
அது எந்தப் பக்கம்?
நூற்றிநாற்பது கொலரும்
என் வாயில் தைக்கப்பட்டவை.
அதை அப்படியே சொன்னேன், நிலோஜினிக்கு,
கத்திய அதே இடத்தில் நின்று,
எல்லாருக்கும் கேட்க.
இதற்குக் கோப்பில் பக்கம் இல்லை.
"சரியக்கா, நூல் முடியப்போகுது" என்றாள் அவள்.

இப்போது கையில் சோக்கட்டி வைத்திருக்கிறேன்.
மேல்வரும் பக்கத்தில் ஒரு புள்ளி.
கேள்வி கேட்டால் மனதுக்குள் ஏழுவரை எண்ணுகிறேன்.
நாலில் என் வாய் உன்னும்.
ஐந்தில் யாராவது இருமுவார்கள்.
ஆறரையில் ஒருநாள் நிலோஜினி சொன்னாள்:
"பத்தொன்பதுக்கு மேலை லைற் மினுங்குது அக்கா.
ரெண்டு மாசமா.
மத்தியானத்துக்குப் பிறகு நூல் ரெண்டாத் தெரியுது."
இரண்டு மாதமாக அவளின் சேதக் கணக்கைச்
சிவப்பு மையால் எழுதிவந்தவள் நான்.

வெள்ளிக்கிழமை, மனேஜர் அறை.
ஏசிக் குளிர். கண்ணாடிக்கு அப்பால்
சத்தமில்லாமல் அசையும் என் லைன்.
"அடுத்த மாதம் எழுபது. ஓக்கேதானே?"
நாக்கின் நுனிவரை வந்துவிட்டது
கம்பி வேலிக்கு உட்புறத்து ஓம்.
எண்ணினேன்.
மூன்று. நான்கு.
அவர் பேனையை மூடினார்.
ஏழு.
"இல்லை சேர். அறுபத்திரண்டு.
லைற்றை மாத்தினால் அறுபத்தைஞ்சு,
அதுவும் ரெண்டு கிழமைக்குப் பிறகு.
நான் சொன்னதை ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்கோ."

கடைசி வரியை இன்னும் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.
அவர் என்னைப் பார்த்தார்,
சிரிப்பா என்று தெரியவில்லை,
"அறுபத்தைஞ்சு. லைற். ரெண்டு கிழமை" என்றார்.
எழுதினாரா என்று மேசைக்கு மேலால் எட்டிப் பார்த்தேன்.

இன்று திங்கள். லைற் இன்னும் மினுங்குகிறது.
பகீரதி லீவு.
அவளின் மிசினில் நிலோஜினியை இருத்திவிட்டு
பத்தொன்பதில் நான் இருக்கிறேன்,
நூல் இரண்டாகத் தெரிகிற இடத்தில்.